குழல்விளக்கில் பிடித்த உறை

நகரியில் தறி ஓடும் தெருவில்
பேச்சைக் காதால் கேட்பதில்லை,
உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.
பஞ்சுத்தூசி இருமலுக்கு ஒரு மாத்திரை.
அது வேலை செய்கிறதா என்று பார்க்க
நூற்றிருபது பேர்.
பாதிப் பேருக்கு மருந்து,
பாதிப் பேருக்கு வெறும் மாவு.
யாருக்கு எது என்பது
ஒட்டிய உறைக்குள் ஓர் எழுத்து: அ, அல்லது ஆ.

எண்களைச் சரிபார்ப்பது என் வேலை.
முதல் நாள் ஊதிய மூச்சைக் கூட்டிப் பார்த்தேன்.
ஆ-காரர்கள் இரண்டே கால் லிட்டர்.
அ-காரர்கள் ஒன்றரையைத் தாண்டவில்லை.
குலுக்கிப் போட்ட சீட்டு
இத்தனை ஒழுங்காகப் பிரியாது.

ஹெப்சிபா மறைக்கவில்லை.
மேசை மேல் ஏறி
உறையைக் குழல்விளக்கில் பிடித்துக் காட்டினாள்.
எழுத்து தெரிந்தது.
'ரெண்டையும் நாக்குல வச்சுப் பாத்தேன். அ கசக்குது.
ஏகாம்பரம் இந்தப் படியேற
நாலு இடத்துல நின்னாரு.
அவருக்குப் போயி மாவக் குடுக்கச் சொல்றீங்களா?'

அதற்கு என்னிடம் பதில் இல்லை,
கணக்கு மட்டும் இருந்தது.
மூச்சு முட்டியவர்களெல்லாம் மருந்துப் பக்கம்.
தேறினார்கள், கொஞ்சம்.
தேறிய பிறகும்
மாவு தின்ற திடகாத்திரர்களைவிடக் கீழேதான்.
அறிக்கை சொன்னது: மருந்தால் பயனில்லை.
அவளுடைய இரக்கம்
அந்த மாத்திரையைத் தோற்கடித்திருந்தது.

இன்னொன்று.
பதினொரு கட்டங்கள் காலி.
'தொடர்பில் இல்லை' என்று எழுதி
அதன் மேல் ஒரு முத்திரை.
ஷேர் ஆட்டோ பிடித்து எல்லை தாண்டி
பொதட்டூர்பேட்டைக்குப் போனேன்.
வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தோம்.
வெள்ளிக்கிழமைதான் அங்கே துணி மடித்துக் கூலி வாங்கும் நாள்.
முனிரத்தினம் குணமாகி, இனி எதற்கு என்று வரவில்லை.
கன்னியப்பன் முடியாமல் தறியை விற்றுவிட்டார்.
என் தாளில் இருவரும் ஒரே வெள்ளை.
பங்காரம்மா ஆடியில் போய்விட்டாள்.
மகள் உள்ளே போய்
ரப்பர் பேண்டு போட்ட அட்டைகளை எடுத்து வந்தாள்.
'மிச்சம் பதினாலு இருக்கு.
திருப்பிக் குடுத்துடணும்னு சொல்லிச்சு அம்மா.'
வாங்கி எண்ணினேன்.
பதினாலு.

டாக்டர் கோவிந்தராஜுலு கண்ணாடியைக் கழற்றினார்:
'எட்டு மாச உழைப்பு.
ரெண்டு வரியில முடிச்சுடலாமே.'
நான்கு பக்கம் எழுதினேன்.
ஹெப்சிபாவின் பெயர் அதில் இல்லை,
என் பெயர் இருந்தது.
புத்தூர் கடையில் அந்த மெல்லிய உறையை வாங்கியது நான்.
நூறு உறை அறுபது ரூபாய் என்று
சந்தோஷப்பட்டவளும் நான்தான்.
வெள்ளிக்கிழமையைக் குறித்தது
என் பஸ்ஸுக்குத் தோதாக.

இரண்டாம் முறை
உறைக்குள் கருப்புக் காகிதம்.
மருந்துக்கும் மாவுக்கும் ஒரே கசப்பு.
புதன்கிழமை.
வராதவர் வீட்டுக்கு நாங்களே போவது.
படிவத்தைத் தறி நிறுத்தி வாய்விட்டுப் படிப்பது,
தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.
ஒரு வரிதான் இரண்டிலும் நாக்கில் ஒட்டிக்கொண்டது:
இந்த மருந்து நல்லது செய்யுமா, எங்களுக்குத் தெரியாது.

சாயப்பட்டறை தாமோதரம் சிரித்தார்.
'டாக்டருங்களுக்கே தெரியாதா!'
கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தபடி இருந்தார்.
'நூல்காரன் எடுத்து நீட்டுற கண்டிய
நாங்க நனைக்கிறதில்ல.
மூட்டைக்குள்ள கைய விட்டு
எது வருதோ அதத்தான் நனைப்போம்.
அப்பத்தான் சாயம் போகுமான்னு தெரியும்.
அந்த மாதிரியா?'
அந்த மாதிரிதான் என்றேன்.
'நனையுற கண்டி நான். அதானே?'
அதுவும்தான் என்றேன்.
இன்னும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.
பிறகு கைநாட்டு.

ஹெப்சிபா முதல் உறையை எடுத்தாள்.
பழக்கம், கை தானாக விளக்குக்கு உயர்ந்தது.
கருப்பு.
வாசலில் தாமோதரம் இருமிக்கொண்டிருந்தார்,
நிற்கவே இல்லை.
அவள் என்னைப் பார்த்தாள்.
கிழித்தாள்.